வருவோர்க்கு வழிகாட்டும் வலைப்பக்கம்

ஒரு வீட்டிற்குத் தெருவாயில் எத்தகையதோ, ஒரு சங்கத்திற்கு அதன் வலைப்பக்கம் இக்காலத்தில் அத்தகையது. முன்னாளில் உத்தியோக நிமித்தம் தில்லிக்கு மாற்றலாகி வந்த தமிழர், கரோல்பாக் தெருக்களிலும் லோதி காலனிக் குடியிருப்புகளிலும் நம்மவர் யாரேனும் உளரா என்று நேரில் விசாரித்து அறிந்தனர். இன்று வருபவரோ, வண்டி சம்பல் ஆற்றைக் கடக்கும்போதே கைப்பேசியை எடுத்துத் தேடத் தொடங்கிவிடுகின்றார். பிள்ளைகளைச் சேர்ப்பதற்குத் தமிழ் கற்பிக்கும் பள்ளி எங்கே உள்ளது, நல்ல நாளில் கூடுவதற்குச் சங்கம் எங்கே உள்ளது, அவசரத்திற்கு உதவுவார் யார் என்பன அவருடைய வினாக்கள். அவற்றிற்கு முதலில் விடை கூற வேண்டியது வலைப்பக்கமே ஆகும்.

தலைநகரில் தமிழர் அமைப்புகளுக்குக் குறைவில்லை. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் 1923-ஆம் ஆண்டிலும், தில்லித் தமிழ்ச் சங்கம் 1946-ஆம் ஆண்டிலும் தோன்றியவை. அவையன்றி, காலனிதோறும் சிறு சிறு மன்றங்களும், பஜனை மண்டலிகளும், வார இறுதித் தமிழ் வகுப்புகளும் நடைபெற்று வருகின்றன. இத்தகைய சிறு அமைப்புகளை நடத்தும் அன்பர்களும், வீட்டில் இருந்தபடியே தமக்கென ஒரு பக்கம் அமைக்க விரும்பும் சகோதர சகோதரிகளும், பள்ளிச் சிறுவர் சிறுமியரும் அறிந்துகொள்ள வேண்டிய சில விதிகளை ஈண்டு எடுத்துரைக்க எண்ணுகின்றோம். நாம் பொறியியல் கற்றவர் அல்லோம். இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிகின்றோம். ஆயினும், வரிசையில் நிற்கும் பிரயாணிக்கு எது விளங்கும், எது விளங்காது என்பதை நாள்தோறும் கண்டு வருபவர்க்கு இவ்விதிகள் முற்றிலும் புதியவை அல்ல.

சுருங்கச் சொல்லின், விதி ஒன்றே. வலைப்பக்கம் அமைப்பவருடைய பெருமைக்காக அமைவதன்று. அதனைத் தேடி வருபவருடைய தேவைக்காக அமைவது. ஏனைய விதிகள் யாவும் இதன் கிளைகளே.

முதற் பக்கம் கற்பித்த பாடம்

சுவிட்சர்லாந்து நாட்டு ஜெனீவா நகரை அடுத்துள்ள செர்ன் என்னும் அணு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேய அறிஞர், 1989-ஆம் ஆண்டில் வைய விரிவு வலை என்னும் திட்டத்தை வகுத்தார். 1991-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அது வெளியுலகிற்கு அறிவிக்கப்பட்டது. 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள், எவரும் கட்டணமின்றி அதனைப் பயன்படுத்தலாம் என்று அந்நிலையம் உரிமையை விட்டுக் கொடுத்தது. அவ்வுதாரம் இல்லையேல், இன்று ஒரு சிறு பஜனை மண்டலி செலவின்றித் தன் பக்கத்தை உலகிற்குக் காட்டுதல் இயலாது.

அவர் அமைத்த முதற் பக்கத்தில் படம் இல்லை. வண்ண அலங்காரம் இல்லை. ஒரு தலைப்பும், சில வாக்கியங்களும், பிற பக்கங்களுக்குச் செல்லும் இணைப்புகளுமே இருந்தன. அப்பக்கத்தைச் செர்ன் நிலையத்தார் மீட்டுப் பாதுகாத்து வருகின்றனர். கைப்பேசி என்னும் கருவி பரவாத காலத்தில் எழுதப்பெற்ற அதனை, இன்றைய கைப்பேசியிலும் தடையின்றிப் படிக்கலாம். எளிமையாக அமைந்தது நெடுங்காலம் நிற்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணைய வசதி 1995-ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனத்தின் வாயிலாகக் கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில் சிங்கப்பூரில் தமிழ் வலையேறியது. அந்நாட்டு எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி அவர்கள், சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளைக் கொண்ட வலைத்தளத்தில் தமிழ்க் கவிதைகள் தமிழ் எழுத்திலேயே தோன்றுமாறு செய்தார். தமிழின் முதல் வலைப்பக்கம் என்று அதனையே கூறுவர். தமிழகத்திற்கு வெளியே வாழ்ந்த ஒரு தமிழர் செய்த தொண்டு அது என்பதை நம் வாசகர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1999-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவர் தொடங்கிய பணி உலகெங்கும் பரவியது.

எழுத்து எழுத்தாகவே இருத்தல் வேண்டும்

தமிழ்ப் பக்கம் அமைப்பவர் முதலில் கவனிக்க வேண்டுவது எழுத்தின் முறையாகும். தொடக்க காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எழுத்துருவும், தனக்கென ஒரு குறியீட்டு முறையும் வைத்திருந்தது. ஒருவர் எழுதியதை மற்றொருவர் படிக்க வேண்டுமாயின், அவ்வெழுத்துருவைத் தம் கணிப்பொறியிலும் ஏற்ற வேண்டியிருந்தது. இல்லையேல் திரையில் பொருளற்ற குறிகளே தோன்றும். இக்குழப்பத்தைத் தீர்க்கும்பொருட்டு 1999-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் சென்னையில் மாநாடு கூட்டி, விசைப்பலகைக்கும் எழுத்துருவுக்கும் தரம் வகுத்தனர்.

இன்று உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட முறை யூனிகோடு என்பதாகும். 1991-ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. தமிழ்நாட்டு அரசு 2010-ஆம் ஆண்டில் இதனைத் தரமாக ஏற்றுக்கொண்டது. இன்று விற்பனையாகும் கைப்பேசிகளில் தமிழ் எழுத்து முன்னரே அமைந்திருப்பது இம்முறையினாலேதான். ஆகவே, பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்துவைத்த ஆண்டறிக்கைகளும் கட்டுரைகளும் எவரிடமேனும் இருப்பின், அவற்றை யூனிகோடு முறைக்கு மாற்றிய பின்னரே வலையில் ஏற்றுதல் வேண்டும். மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

இம்முறை வந்த பின்னரும் ஒரு வழக்கம் பரவியிருக்கின்றது. பொங்கல் விழா அறிவிப்பை அழகிய படமாகச் செய்து, அப்படத்தையே பக்கத்தில் ஒட்டிவிடுகின்றனர். கண்ணுக்கு எழுத்துப் போல் தோன்றினும், கணிப்பொறிக்கு அது வெறும் படமே. தேடுபொறி அதனைச் சரிவரக் கண்டறியாது. கைப்பேசியில் பெரிதாக்கினால் எழுத்து மங்கும். அதிலுள்ள விலாசத்தைப் பிரதி எடுத்து உறவினருக்கு அனுப்ப இயலாது. கண்பார்வை அற்றவருக்கு அது ஊமையாகவே இருக்கும். படம் வேண்டுமாயின் இருக்கட்டும்; ஆனால் அதிலுள்ள நாள், நேரம், இடம் ஆகியவற்றை அதன் கீழே எழுத்தாகவும் எழுதிவிடுதல் வேண்டும்.

முதன்மை எதற்கு?

நம் இல்லங்களுக்கு வரும் கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பாருங்கள். மணமக்கள் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். முகூர்த்த நாளும் நேரமும் தனித்துத் தெரியும். மண்டபத்தின் பெயரும் தெருவும் தவறாமல் இருக்கும். உற்றார் உறவினர் பெயர்கள் சிற்றெழுத்தில் ஓரத்தில் அமையும். அச்சகத்தார் எவரிடமும் பாடம் கேட்டு இதனைச் செய்யவில்லை. படிப்பவர் எதனை முதலில் அறிய விரும்புவார் என்னும் எண்ணமே அவ்வமைப்பைத் தந்தது. வலைப்பக்கத்திற்கும் இதுவே முறை.

பக்கத்தை அமைக்குமுன் ஒரு வெள்ளைத் தாளில், நம் பக்கத்திற்கு வருபவர் யார், அவர் என்ன கேட்பார் என்று எழுதிக் கொள்ளுங்கள். புதிதாக வந்த குடும்பத்தார் தமிழ் வகுப்பைப் பற்றிக் கேட்பர். உறுப்பினர்கள் இம்மாத நிகழ்ச்சியைக் கேட்பர். முதியோர் ஒருவர் கோயிலுக்குச் செல்லும் வழியைக் கேட்பார். இவ்வினாக்களை அவசியத்தின் வரிசையில் அடுக்கினால், பக்கத்தின் உருவம் தானே அமைந்துவிடும்.

எல்லாவற்றினும் அவசரமான வினா ஒன்று உண்டு. ஊரை விட்டு 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து வாழும் ஒரு குடும்பத்தில், வந்த சில மாதங்களுக்குள் நள்ளிரவில் ஒரு மரணம் நேர்ந்துவிடுகின்றது என்று வைத்துக் கொள்வோம். மொழி சரிவரத் தெரியாது. நிகம்போத் காட் எங்கே உள்ளது, சடங்கு செய்விப்பவர் எங்கே கிடைப்பார் என்பதும் தெரியாது. மகன் நடுங்கும் கையோடு கைப்பேசியில் ஒரு தமிழர் அமைப்பின் பக்கத்தைத் திறக்கின்றான். அங்கே மலர்மாலை சுழல்கின்றது. தலைவர் உரை மேலிருந்து கீழாக ஓடுகின்றது. பொன்னாடை போர்த்திய படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அவன் தேடும் தொலைபேசி எண் மட்டும் காணப்படவில்லை. அப்பக்கம் எத்துணை அழகாக இருந்து என்ன பயன்? உதவிக்கான எண் முதற் பக்கத்தின் தலைப்பகுதியிலேயே, தொட்டவுடன் அழைப்புச் செல்லும் வகையில் இருந்திருப்பின், அதுவன்றோ தொண்டு!

நான்கு விதிகள்

அமெரிக்க நாட்டு ராபின் வில்லியம்ஸ் அம்மையார், ஓவியம் கல்லாதவர்க்காக 1994-ஆம் ஆண்டில் எழுதிய வடிவமைப்பு நூலொன்றில் நான்கு விதிகளை விளக்கினார். அச்சுத்தாளுக்கெனக் கூறப்பட்ட அவை, வலைப்பக்கத்திற்கும் முற்றிலும் பொருந்துவன. நம் வாழ்க்கையிலிருந்தே அவற்றிற்கு உதாரணம் காட்டலாம்.

முதலாவது, அண்மை. ஒன்றோடொன்று தொடர்புடையவை அருகருகே இருத்தல் வேண்டும். கடுகும் வெந்தயமும் மிளகும் சீரகமும் அஞ்சறைப் பெட்டியில் ஒன்றாக இருப்பதனாலன்றோ, தாளிக்கும் நேரத்தில் தடுமாற்றம் நேர்வதில்லை! நிகழ்ச்சியின் பெயர் மேலேயும், அதன் நாள் நடுவிலும், இடம் அடியிலுமாகச் சிதறிக் கிடத்தல் ஆகாது. ஒரு நிகழ்ச்சிக்கு உரியன யாவும் ஒரு கட்டமாக அமைந்து, அடுத்த நிகழ்ச்சிக்கு முன் சிறிது வெற்றிடம் இருத்தல் வேண்டும். வெற்றிடம் வீண் இடமன்று. கண் இளைப்பாறும் திண்ணை அது.

இரண்டாவது, நேர்வரிசை. ஒவ்வொரு பகுதியும் ஏதேனும் ஒரு கோட்டை ஒட்டி நிற்றல் வேண்டும். புள்ளி வைக்காமல் இழுத்த கோலம் கோணிப் போவதை நம் வீட்டு மாதர் அறிவர். வண்டிகளின் கால அட்டவணையில் எண்ணும், பெயரும், புறப்படும் நேரமும் தத்தம் பத்தியில் நேராக நிற்பதனால், நூறு வண்டிகளுக்கு இடையே நமக்கு வேண்டிய ஒன்றை விரைவில் கண்டுபிடிக்கின்றோம். எல்லாவற்றையும் நடுவில் நிறுத்துவது அழகு என்று புதியவர் எண்ணுவர். தலைப்பிற்கு அது பொருந்தும். நீண்ட செய்திக்குப் பொருந்தாது. ஒவ்வொரு வரியின் தொடக்கத்தையும் கண் தேடி அலைய நேரிடும்.

மூன்றாவது, மீள்வருகை. ஒரே வகையான செய்தி எப்பக்கத்திலும் ஒரே உருவில் வருதல் வேண்டும். கன்னியாகுமரியில் ஏறியவர் தில்லியில் இறங்கும்வரை வழிநெடுக மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தையே காண்கின்றார். ஊர்ப்பெயர் பெரிதாகவும், கடல்மட்டத்திலிருந்து உயரம் சிறிதாகவும் இருக்கும். மொழி தெரியாதவரும் அப்பலகையைக் கண்டவுடன் நிலையத்தின் பெயர் அதுவே என்று உணர்வார். வலைப்பக்கத்திலும் தலைப்புகளுக்கு ஒரு வண்ணம், இணைப்புகளுக்கு ஒரு வண்ணம் என வரையறுத்துக் கொண்டு, பக்கந்தோறும் அவற்றையே பின்பற்றுதல் வேண்டும். இரண்டு அல்லது மூன்று வண்ணங்களும், இரண்டுக்கு மேற்படாத எழுத்துருக்களும் போதும்.

நான்காவது, மாறுபாடு. வேறுபட்டவை தெளிவாக வேறுபட்டுத் தெரிதல் வேண்டும். தலைப்பு, செய்தியை விடச் சிறிதளவே பெரிதாக இருப்பின் பயனில்லை. பார்த்த மாத்திரத்தில் புலப்படுமாறு பெரிதாக இருத்தல் வேண்டும். எழுத்தின் நிறமும் பின்புலத்தின் நிறமும் அவ்வாறே. இதற்கு எண்ணால் அளவு கூறியுள்ளனர். வெள்ளையில் கறுப்பு எழுத்தின் மாறுபாடு 21-க்கு 1 என்னும் விகிதம், அதுவே உச்சம். உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, சாதாரண எழுத்திற்கு இவ்விகிதம் 4.5-க்கு 1 என்னும் அளவுக்குக் குறைதல் கூடாது. பெரிய எழுத்திற்கு 3-க்கு 1 போதும். வெள்ளைப் பின்புலத்தில் மஞ்சள் எழுத்து எழுதினால் விகிதம் ஏறக்குறைய 1-க்கு 1 ஆகிவிடும். எழுதியும் எழுதாதது போலவே. தில்லியின் மே மாத வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நின்று படிப்பவரை நினைத்து நிறத்தைத் தேர்ந்தெடுங்கள்.

தமிழ் எழுத்தின் தனித் தேவைகள்

ஆங்கிலப் பக்கத்தின் அமைப்பை அப்படியே எடுத்துத் தமிழை அதில் நிரப்பினால் இடர்ப்பாடு நேரும். ஆங்கிலத்தில் ஒரு சொல்லை வலியுறுத்தப் பெரிய எழுத்துகள் உண்டு, சாய்வெழுத்து உண்டு. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பிரிவே இல்லை. சாய்வெழுத்தும் நம் எழுத்தின் இயல்பன்று. சாய்த்தால் படிப்பது கடினமாகும். ஆகையால் தமிழில் வலியுறுத்தல் எழுத்தின் பருமனாலும் தடிப்பினாலும் அமைதல் வேண்டும்.

மெய்யெழுத்தின் புள்ளியும், இகர ஈகாரக் கொக்கிகளும் எழுத்தின் மேலே எழும். உகர ஊகாரச் சுழிகள் பல கீழே இறங்கும். வரிகள் நெருங்கியிருந்தால் மேல் வரியின் சுழியும் கீழ் வரியின் புள்ளியும் முட்டிக் கொள்ளும். வரிக்கு வரி இடைவெளி, எழுத்தின் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கிற்குக் குறையாமல் இருத்தல் நலம். அடிக்கோடு இட்டால் அது சுழிகளை ஊடறுத்துச் செல்லும். மேலும், வலையுலகில் அடிக்கோடு என்பது இணைப்பிற்கு அடையாளமாகும். இணைப்பல்லாத இடத்தில் அதனை இடுவோமாயின், வாசகர் அதனைத் தொட்டுத் தொட்டு ஏமாறுவார்.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. இரு ஓரங்களும் சமமாக நிற்குமாறு வரிகளை இழுத்துக் கட்டினால், கைப்பேசியின் குறுகிய திரையில் சொற்களுக்கு நடுவே பெரும் பள்ளங்கள் தோன்றும். இடப்புறம் நேராகவும் வலப்புறம் ஏறியிறங்கியும் இருக்க விடுவதே தமிழுக்கு ஏற்றது. வாக்கியங்களும் பத்திகளும் சிறியனவாக இருத்தல் வேண்டும்.

தில்லியில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளில் பலர் தமிழை நன்கு பேசுவர். ஆனால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பர். அவர்களுக்கு மங்கலான, நெருக்கமான, அலங்கார வளைவுகள் மிகுந்த எழுத்தைக் காட்டினால், உடனே ஆங்கிலப் பக்கத்திற்குத் தாவிவிடுவர். தெளிவான எழுத்தைக் காட்டினால், வகுப்பில் கற்றதை ஒரு வரியேனும் படித்துப் பார்ப்பர். எழுத்தின் அளவையும் இடைவெளியையும் பற்றி நாம் இத்துணை வற்புறுத்துவது இதன்பொருட்டே. ஆங்கிலமோ இந்தியோ வேண்டுமாயின் தனிப் பக்கமாக அமைக்கலாம். ஒரே வாக்கியத்தில் மூன்று மொழிகளையும் கலத்தல் எவருக்கும் உதவாது.

சிறு திரையும் கனத்த படங்களும்

பெரிய கணிப்பொறியில் அமைத்து, பெரிய திரையிலேயே பார்த்து மகிழ்ந்து விடுதல் புதியவரிடம் காணப்படும் வழக்கம். வருபவரில் மிகப் பலர் கைப்பேசியின் வாயிலாகவே வருகின்றனர். திரையின் அளவுக்கேற்பத் தன்னைத் தானே ஒழுங்குபடுத்திக் கொள்ளும் பக்க அமைப்பை, 2010-ஆம் ஆண்டில் ஈதன் மார்க்காட் என்னும் அமெரிக்கர் பெயரிட்டு விளக்கினார். இன்று இலவசமாகக் கிடைக்கும் அமைப்புகள் பலவும் இவ்வாறே செயற்படுகின்றன. நாம் செய்ய வேண்டுவது, முதலில் கைப்பேசிக்கென ஒரே பத்தியாகப் பக்கத்தை எண்ணிப் பார்ப்பதும், பொத்தான்களைக் கட்டைவிரல் தவறாமல் தொடும் அளவுக்கு இடைவெளியோடு வைப்பதுமே.

கைப்பேசியில் எடுத்த விழாப் படம் ஒவ்வொன்றும் பல மெகாபைட் கனம் உடையது. அவற்றில் இருபதை அப்படியே ஏற்றினால், பக்கம் திறப்பதற்குள் வந்தவர் திரும்பிவிடுவார். படத்தின் அகலத்தைத் திரைக்குப் போதுமான அளவாகக் குறைத்துச் சேமித்தால், கனம் பத்தில் ஒரு பங்கிற்கும் கீழே இறங்கும். தானே ஒலிக்கும் பாட்டும், ஓடும் எழுத்தும், மின்னும் விளக்கும் அறவே வேண்டா. இரவில் குழந்தை உறங்கும் அறையில் பக்கத்தைத் திறந்த தாய் அதனை வாழ்த்தமாட்டாள்.

கேட்டுப் படிப்போரும் நம்மவரே

கண்பார்வை இல்லாதவர் திரையைச் செவியால் படிக்கின்றனர். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர், 2006-ஆம் ஆண்டில் என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பு மென்பொருளை இயற்றத் தொடங்கினார். இன்றும் அது இலவசமாகவே கிடைக்கின்றது, தமிழையும் வாசிக்கின்றது. இத்தகைய கருவிக்கு உதவும் பொருட்டு நாம் செய்ய வேண்டியவை நான்கே.

பக்கத்தின் மொழி தமிழ் என்று உள்ளே குறித்தல் வேண்டும். அதற்குரிய குறி டி, ஏ என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகள். தலைப்பை வெறுமனே தடித்த எழுத்தாக்காமல், தலைப்பு என்றே குறித்தல் வேண்டும். செவியால் படிப்பவர் தலைப்புக்குத் தலைப்பு தாவிச் செல்ல அது உதவும். ஒவ்வொரு படத்திற்கும் மாற்றுரையாக ஒரு வாக்கியம் எழுதுதல் வேண்டும். இணைப்பிற்கு, 'இங்கே அழுத்துக' என்று எழுதாமல், 'தமிழ் வகுப்பில் சேர விண்ணப்பம்' என்பது போல் செல்லும் இடத்தைச் சொல்லுதல் வேண்டும். இணைப்புகளை மட்டும் வரிசையாகக் கேட்பவருக்கு, 'இங்கே, இங்கே' என்று பத்து முறை ஒலிப்பதனால் என்ன விளங்கும்?

இது தயவன்று, கடமை என்பதை அரசும் ஏற்றுள்ளது. நம் தில்லியில் உள்ள தேசிய தகவலியல் மையம், இந்திய அரசு வலைத்தளங்களுக்கான நெறிமுறைகளை 2009-ஆம் ஆண்டிலேயே வகுத்தது. அவற்றின் மூன்றாம் பதிப்பு 2023-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டமும் இதனை வலியுறுத்துகின்றது. அரசு அலுவலகங்கள் செய்ய வேண்டியதைச் சிறு மன்றமும் செய்வதில் கூடுதற் செலவு ஏதுமில்லை.

படிவமும் பாதுகாப்பும்

உறுப்பினராகச் சேர விண்ணப்பப் படிவம் வைப்போர், தேவையானவற்றை மட்டுமே கேட்டல் வேண்டும். முன்பதிவுச் சீட்டை நோக்குங்கள். வண்டியின் எண், நாள், வகுப்பு, புறப்படும் நிலையம், சேரும் நிலையம், பிரயாணியின் பெயர், பால், வயது என்னும் வரிசையில் அது செல்கின்றது. கேட்கப்படும் ஒவ்வொன்றுக்கும் பயன் உண்டு. பிரயாணியின் பாட்டனார் பெயரையும் அதில் கேட்டால் வரிசை எப்போது நகரும்? வலைப்படிவத்திலும், எண்ணைத் தவறாக எழுதினால், 'பிழை' என்று மட்டும் கூறாமல், 'தொலைபேசி எண் 10 இலக்கமாக இருத்தல் வேண்டும்' என்று எங்கே, என்ன திருத்த வேண்டும் என்பதைச் சொல்லுதல் வேண்டும். எழுதிய ஏனையவற்றை அழித்துவிடுதலும் கூடாது.

உறுப்பினர் பட்டியலை வீட்டு விலாசத்தோடும் தொலைபேசி எண்ணோடும் எல்லாரும் பார்க்கும்படி வெளியிடும் வழக்கம் தவிர்க்கத்தக்கது. அச்சிட்ட மலர் நம்மவர் வீட்டு அலமாரியில் இருக்கும். வலைப்பக்கமோ வஞ்சகர் கண்ணுக்கும் எட்டும். குழந்தைகளின் படங்களைப் பெற்றோர் சம்மதமின்றி வெளியிடலாகாது. தனிநபர் தரவுகளைக் காக்க 2023-ஆம் ஆண்டில் மத்திய சட்டமும் இயற்றப்பட்டுள்ளது.

தில்லி வாழ்க்கைக்கே உரிய இடர் மற்றொன்று உண்டு. பக்கத்தை அமைத்தவர் அரசு ஊழியராக இருப்பார். மூன்றாண்டில் மாற்றலாகிச் சென்றுவிடுவார். கடவுச்சொல் அவரோடு போய்விடும். வலை முகவரிக்கு ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய தொகையைச் செலுத்துவார் இல்லாமல், ஒருநாள் பக்கமே மறைந்துவிடும். பல ஆண்டுகளின் படங்களும் கட்டுரைகளும் அதனோடு மறையும். ஆகவே முகவரியை அமைப்பின் பெயரிலேயே பதிவு செய்தல் வேண்டும். கடவுச்சொல்லைச் செயலாளர், பொருளாளர் ஆகிய இருவரேனும் வைத்திருத்தல் வேண்டும். பக்கத்தின் முழுப் பிரதி ஒன்றையும் தனியே காத்து வருதல் வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இறுதியாகத் திருத்திய நாளைக் குறியுங்கள். முடிந்துபோன விழாவின் அழைப்பை முதற் பக்கத்திலிருந்து அகற்றுங்கள். சென்ற ஆண்டுப் பொங்கலுக்கு இந்த ஆண்டு அழைப்பது அழகன்று.

வெளியிடுமுன் ஒரு சோதனை

பக்கம் முடிந்ததும் ஐந்து பேரிடம் காட்டுங்கள். டென்மார்க்கில் பிறந்த ஜேகப் நீல்சன் என்னும் வல்லுநர், ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று 2000-ஆம் ஆண்டில் எழுதினார். அவ்வைவரும் நம் நண்பர்களாக மட்டும் இருத்தல் ஆகாது. பாட்டியார் ஒருவர், பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, அண்மையில் ஊரிலிருந்து வந்தவர் ஒருவர், அவசரக்காரர் ஒருவர், கணிப்பொறிப் பழக்கம் இல்லாதவர் ஒருவர் என்று தேர்ந்தெடுங்கள். கைப்பேசியை அவர் கையில் கொடுத்து, 'தமிழ் வகுப்பு எந்த நாளில் நடக்கிறது?' 'அவசரத்திற்கு யாரை அழைப்பது?' என்று கேளுங்கள். பிறகு வாய் திறவாமல் கவனியுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் விளக்கம் கூற நம் நாக்கு துடிக்கும், கூறலாகாது. நள்ளிரவில் வருபவருக்கு அருகிலிருந்து விளக்குவார் எவரும் இலர். தடுமாறிய இடத்தைக் குறித்துக் கொண்டு, பக்கத்தைத் திருத்துவதே முறை.

இவற்றைச் செய்யப் பெரும் பட்டமோ பொருட்செலவோ வேண்டுவதில்லை. பள்ளியிறுதி வகுப்புவரை படித்த எவரும் நாள்தோறும் ஒரு மணி நேரம் செலவிட்டால், சில வாரங்களில் ஒரு நல்ல பக்கத்தை அமைத்துவிடலாம். விடுமுறையில் நம் இல்லத்துப் பிள்ளைகளை அருகில் அமர்த்திக் கொண்டு தொடங்குங்கள். கருவியை அவர்கள் கற்பிப்பார்கள். தமிழையும், வருபவரை வரவேற்கும் பண்பையும் நாம் கற்பிக்கலாம். அங்ஙனம் அமைந்த ஒரு பக்கம், ஊரும் உறவும் விட்டுத் தலைநகருக்கு வந்திறங்கும் ஒரு குடும்பத்திற்கு, இங்கும் நம்மவர் இருக்கின்றனர் என்னும் தைரியத்தைத் தருமாயின், அதனினும் சிறந்த பயன் வேறு உண்டோ?